இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு வந்தால் மரபணுவைக் காரணம் சொல்லலாமா?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 3

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பரம்பரை நோய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது மூன்றில் ஒரு பங்குதான் என்று படித்தேன். மரபணு முழுக்க ஒன்று, ஆனால் நோய் ஒருவருக்கு மட்டும். அப்புறம் மரபணு எப்படிக் காரணமாகும்? வளர்ப்பும் அதிர்ச்சியும்தான் காரணம், மரபணு என்பது பெற்றோர் சொல்லும் சாக்கு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். எண் சரி, முடிவு சரியில்லை.

டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018இல் வந்த கணக்கைத்தான் நீங்கள் படித்திருக்க வேண்டும். ஒரே கருவில் பிரிந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 33 சதவீதம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்திருக்கும், அதை விட்டுவிட்டீர்கள். தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து வந்த இரட்டையரில் அது 7 சதவீதம். அவர்களும் ஒரே வயிற்றில் ஒரே சமயத்தில் இருந்தவர்கள்தான். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, அதே சண்டைகள், ஒரே வயதில் அதே இழப்புகள். வளர்ப்புதான் காரணம் என்றால் அந்த 7 ஏன் 33க்குப் பக்கத்தில் வரவில்லை? பொது மக்களில் இந்த நோய் வருவது சுமாராக நூற்றில் ஒருவருக்கு. 1, 7, 33 என்று வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 4

"ஒரே முகமுள்ள இரட்டையரை எல்லோரும் ஒரே மாதிரி நடத்துவார்கள், அதனால்தான் 33" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். அதைத் தீர்க்க ஒரே வழி, குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்ப்பது. யாரும் வேண்டுமென்று செய்ய மாட்டார்கள், ஆனால் தத்து கொடுப்பதில் அது தானாக நடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மனநல மருத்துவமனைகளில் இருந்த, மனச்சிதைவு கொண்ட தாய்மார்களின் 47 குழந்தைகளை லியோனார்ட் ஹெஸ்டன் தேடிப் பிடித்தார். பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டவர்கள். வளர்ந்தபின் அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு. அதே போலப் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. 1966இல் வெளியானது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1989இல் காட்ஸ்மனும் பெர்டெல்சனும் வெளியிட்டது. ஒருவருக்கு மட்டும் நோய் வந்த ஒரே கரு இரட்டையர்களை எடுத்துக்கொண்டு, இருவருடைய பிள்ளைகளையும் பார்த்தார்கள். நோயுற்றவரின் பிள்ளைகளுக்கு ஆபத்து சுமார் 17 சதவீதம். நோயே வராத மற்றவரின் பிள்ளைகளுக்கும் சுமார் 17. அந்த வீட்டில் நோயாளியான அப்பாவோ அம்மாவோ கிடையாது. இருந்தும் கடத்தப்பட்டிருக்கிறது. வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் வீட்டுச் சூழலுக்கு வேலையே இல்லை என்ற தொனி வருகிறது. அப்படி இல்லை. ஃபின்லாந்தில் பெக்கா டியெனாரி குழு தத்துப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. பெற்ற தாய்க்கு நோய் இருந்து, தத்தெடுத்த வீட்டில் ஓயாத சண்டையும் குழப்பமும் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடியது. அதே மாதிரித் தாய்க்குப் பிறந்தும் அமைதியான வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. மரபுச் சுமை இல்லாத பிள்ளைகளை அந்தச் சண்டை வீடு அவ்வளவாகப் பாதிக்கவில்லை. கேள்வி கேட்டவருக்கு அரை மதிப்பெண் தரலாம்.

பிப்ரவரி 6

"மரபுப் பங்கு 79 சதவீதம் என்று அதே டேனிஷ் ஆய்வு சொல்கிறது, 33 என்றும் சொல்கிறது, எது உண்மை?" இரண்டும்.

79 என்பது ஒரு ஆளைப் பற்றிய எண் இல்லை. என் தம்பியின் நோயில் 79 பங்கு மரபணு, மீதி 21 பங்கு அவன் எழுதிய பரீட்சை என்று பிரிக்க முடியாது. ஒரு மக்கள்தொகையில் இந்த நோய்க்கான சாய்வு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த மாறுபாட்டில் எவ்வளவு மரபணு மாறுபாட்டோடு ஒத்துப் போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. எல்லோரும் அச்சு அசலாக ஒரே சூழலில் வளர்ந்தால் எண் இன்னும் ஏறும், மரபணு எதுவும் மாறாமலே.

சாய்வு எல்லோருக்கும் இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நோய் வெளியே தெரியும். இரட்டையர் இருவரும் அந்த எல்லைக்கு அருகே நிற்கிறார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறல், கருவில் ஒரு தொற்று, அல்லது காரணம் என்று எதையும் சுட்ட முடியாத ஒன்று ஒருவரை அப்பால் தள்ளிவிடும். மற்றவர் இப்பாலேயே நின்றுவிடுவார். அதனால் சாய்வில் மரபின் பங்கு பெரிதாக இருக்கும்போதே நோய் வருவதில் இரட்டையர் பிரிந்து போகலாம்.

பிப்ரவரி 7

தம்பி என்று எழுதிவிட்டதால் தனிச்செய்தியில் பலர் கேட்கிறார்கள். ஆமாம், என் தம்பிக்குத்தான். கல்லூரி இரண்டாம் வருடத்தில் முதல் முறை. பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்லத் தாமதமானது, அப்புறம் ஜன்னலை மூடி வைத்தான், அப்புறம் பக்கத்து அறையில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். இப்போது மாத்திரையில் இருக்கிறான், வேலைக்குப் போகிறான், சதுரங்கத்தில் என்னைத் தோற்கடிக்கிறான்.

எழுத வந்தது அம்மாவைப் பற்றி. முதலில் பார்த்த மருத்துவர் அம்மாவிடம் கேட்டதெல்லாம் வளர்ப்பு பற்றித்தான். அடித்தீர்களா, அதிகமாகச் செல்லம் கொடுத்தீர்களா, கணவரோடு பேச்சு உண்டா. அவர் கெட்டவர் இல்லை, அவர் படித்த காலத்தின் மிச்சம் அது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு கருத்தை எழுதினார். சான்று இல்லாமலே அது இரண்டு மூன்று தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாகப் போனது. மேலே சொன்ன தத்து ஆய்வுகள்தான் அதைக் கவிழ்த்தன.

மரபணு என்ற சொல் வந்ததும் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் இருந்தது. அப்புறம் உறவினர்கள் "உங்க பக்கமா, அவர் பக்கமா" என்று ஆரம்பித்தார்கள். மடியிலிருந்த பழி ரத்தத்துக்கு ஏறியது, அவ்வளவுதான்.

இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே "எந்தப் பக்கம்" என்ற அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

சரி, எந்த மரபணு?

முதலில் ஒரு நட்சத்திரத்தின் கதை. ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய குடும்பம். 1ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 11ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருப்பதை 1970இல் கண்டார்கள். அந்த மாற்றம் இருந்தவர்களில் சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்கு இருமுனைக் கோளாறு, சிலருக்குக் கடும் மனச்சோர்வு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. துண்டு உடைந்த இடத்தில் இருந்த மரபணுவுக்கு 2000இல் டிஸ்க்1 என்று பெயர் வைத்தார்கள். மனச்சிதைவில் குலைந்தது, வரிசையில் முதலாவது என்று பெயரிலேயே தீர்ப்பு. நூற்றுக்கணக்கில் கட்டுரைகள், எலிகள், மாநாடுகள். பிறகு பல்லாயிரம் நோயாளிகளை வைத்து மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வுகள் வந்தன. அவற்றின் பட்டியலில் டிஸ்க்1 இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அது உண்மை. மற்றவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. மரபணுக்களிலும் ஒரே படத்தில் புகழ் பெற்றவர்கள் உண்டு.

பிப்ரவரி 10

பெரிய ஆய்வுகளின் கணக்கு. 2014இல் சுமார் 37,000 நோயாளிகள், 1,13,000 மற்றவர்கள். மரபணுத் தொகுதியில் ஆபத்தோடு தொடர்புடைய 108 இடங்கள் கிடைத்தன. 2022இல் 76,755 நோயாளிகள், 2,43,649 மற்றவர்கள். 287 இடங்கள். இவற்றில் பெரும்பாலானவை சாதாரண மாறுபாடுகள். உங்களிடம் இருக்கும், என்னிடம் இருக்கும், இதைப் படித்துவிட்டு "எங்கள் குடும்பத்தில் கிடையாது" என்று போகிறவரிடமும் இருக்கும். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது சொற்பம். பட்டியலில் வராத, இன்னும் சிறிய விளைவுடையவை ஆயிரக்கணக்கில்.

ஆகவே எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும். எல்லாப் பக்கமும். அம்மாவிடமிருந்து ஒரு கை, அப்பாவிடமிருந்து ஒரு கை. அதே பெற்றோரின் மூத்த பிள்ளையான எனக்கு வேறு மாதிரிக் கலந்து வந்தது, தம்பிக்கு இப்படி. நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நெருங்கிய உறவில் யாருக்குமே இந்த நோய் இல்லாததற்கும் இதுவே ஒரு காரணம்.

அரிதான, பலமான மாற்றங்களும் உண்டு. 2022இல் இன்னோர் ஆய்வு பத்து மரபணுக்களைப் பிடித்தது. இவற்றில் ஒன்று பழுதானால் ஆபத்து பல மடங்கு. ஆனால் மிகச் சிலரிடமே இருக்கும். அந்தப் பத்தில் ஒன்று கிரின்2ஏ. மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை ஏற்கும் வாங்கியின் ஒரு பகுதியைச் செய்வது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து தடுப்பது இதே வாங்கியைத்தான், கெட்டமைன் கொடுத்தால் நலமானவருக்கும் கொஞ்ச நேரம் மனப்பிறழ்வு, அதாவது நிஜத்தோடு தொடர்பு அறுந்தது போன்ற நிலை வரும். இரண்டு தனித்தனிப் பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்க்கும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தம்பியிடம் சொன்னேன். "அதனால எனக்கு என்ன மாறப் போகுது?" என்றான்.

பிப்ரவரி 13

"இருபது வயதில் வரும் நோய்க்கு மூளை வளர்ச்சியை ஏன் இழுக்கிறீர்கள்?"

1987இல் டேனியல் வைன்பெர்கரும், தனியாக ராபின் மரேயும் லூயிஸும் எழுதியது இதுதான்: வேர் கருவில், வெளிப்பாடு பின்னால். கருவில் நரம்புச் செல்கள் பிறக்கின்றன, நகர்கின்றன, தங்கள் அடுக்கில் போய் உட்காருகின்றன, இணைகின்றன. அங்கே ஒரு சிறு பிசகு நடந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி முழுமையாக வேலைக்கு வரவே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதன் மேல் சுமை ஏறும்போதுதான் பிசகு தெரியும். டச்சுப் பஞ்சம் இதற்கு வலுச் சேர்க்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு நின்றபோது, பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீனாவின் 1959-61 பஞ்சத்திலும் அதே இரண்டு மடங்கு.

1946இல் ஒரே வாரத்தில் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், பின்னால் நோய் வந்தவர்கள் சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்று மேல் தாமதமாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எலெய்ன் வாக்கர் வேறொன்று செய்தார். குடும்பங்கள் எடுத்து வைத்திருந்த பழைய வீட்டுப் படச்சுருள்களை, யார் பின்னாளில் நோயுற்றார் என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார். அவர்கள் குருட்டு அதிர்ஷ்டத்தைவிட அதிகமாகச் சரியாகக் காட்டினார்கள்.

பிப்ரவரி 13, மறுபடி

இதைப் போட்ட அரை மணியில் "என் மகள் பதினைந்து மாதத்தில்தான் நடந்தாள்" என்று ஒரு தாய். அம்மா, கவலைப்படாதீர்கள். தாமதமாக நடக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் எதுவும் வருவதில்லை. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில்தான் அந்த ஒரு மாதம் தெரியும், ஒரு குழந்தையை வைத்துப் பின்னாளைச் சொல்ல முடியாது. என் தம்பி சீக்கிரமே நடந்தான். தாமதமாக நடந்தது நான்.

பிப்ரவரி 17

தூக்கத்திலிருந்து மூளைக் கத்தரிப்புக்குப் போன ஒருவரைப் பற்றி. இர்வின் ஃபைன்பெர்க் தூக்க ஆராய்ச்சியாளர். பருவ வயதில் ஆழ்ந்த தூக்கத்தின் மின்னலைகள் கடகடவென்று சிறுத்துப் போவதைக் கவனித்தார். குழந்தைப் பருவத்தில் உச்சத்தில் இருக்கும் நரம்பிணைப்புகள் பருவ வயதுக்குள் கணிசமாகக் குறைவதைப் பீட்டர் ஹட்டன்லோகர் ஏற்கெனவே 1979இல் எண்ணிக் காட்டியிருந்தார். வேண்டாத இணைப்புகளை மூளையே கத்தரித்துவிடுகிறது, அது இயல்பு. இரண்டையும் சேர்த்து 1982இல் ஃபைன்பெர்க் கேட்டார்: இந்தக் கத்தரிப்பு எல்லை மீறினால் அதுதான் மனச்சிதைவோ?

முப்பது வருடங்களுக்கு மேல் அது அழகான ஊகமாகவே இருந்தது. 2016இல் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் குழுக்கள் 6ஆம் குரோமோசோமில் ஆபத்து மிகப் பலமாகத் தெரிந்த இடத்தைத் தோண்டின. அது நோய் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்த பகுதி. அங்கே சி4 என்ற மரபணு ஆளுக்கு ஆள் எண்ணிக்கையிலும் வடிவத்திலும் மாறுகிறது. அதன் 'ஏ' வகை மூளையில் அதிகம் உருவாகும் அமைப்புள்ளவர்களுக்கு ஆபத்தும் அதிகம். சி4இன் வழக்கமான வேலை கிருமிகளுக்கு அடையாளம் ஒட்டுவது. மூளையில் அதே அடையாளம் நரம்பிணைப்புகள் மேல் ஒட்டுகிறது, மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியா வந்து விழுங்குகின்றன. எலிகளில் சி4 இல்லாமல் செய்தால் கத்தரிப்பு குறைந்தது.

அதிகச் சி4 சும்மா தீமை மட்டும் செய்வதில்லை. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயிலிருந்து அது காக்கிறது என்று 2020இல் தெரிந்தது. ஆனால் "காரணம் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டார்களே, அது அதிகம். சி4இன் பங்கு சிறியது. அதே அமைப்புள்ள பெரும்பாலோர் நலமாக இருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

"இப்படிப்பட்டவர்கள் குழந்தை பெறக் கூடாது என்று சட்டம் போட்டால் இரண்டு தலைமுறையில் ஒழிந்துவிடும்" என்று நேற்று ஒருவர்.

போட்டார்கள். ஜெர்மனியில் 1933 ஜூலை 14. சுமார் 4,00,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை, அவர்களில் கணிசமானோர் மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். 1940-41இல் சுமார் 70,000 நோயாளிகளை நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள். அந்தச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் ரூடின், இந்த நோயின் குடும்பப் பரவலை 1916இலேயே முறையாக எண்ணியவர். ஒரே மரபணுவால் வரும் நோய்களில் காணும் எளிய மெண்டல் விகிதம் எதற்கும் தன் எண்கள் பொருந்தவில்லை என்று அவருக்கே தெரியும். போருக்குப் பின் எடுத்த கணக்குகளில் ஜெர்மனியில் புதிய நோயாளிகளின் விகிதம் குறைந்திருக்கவில்லை. குறையவும் குறையாது. ஆபத்து மாறுபாடுகள் நோயில்லாத எல்லோரிடமும் பரவிக் கிடக்கின்றன. சில மாறுபாடுகள் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் தோன்றுகின்றன. அப்பாவின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் பிள்ளைக்குச் சுமார் இரண்டு புதிய பிறழ்வுகள் கூடும் என்று ஐஸ்லாந்து ஆய்வு 2012இல் காட்டியது.

அவருக்கு இதற்கு மேல் பதில் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 22

எச்சில் அனுப்பினால் மரபணு அறிக்கை தரும் ஒரு நிறுவனத்துக்கு நானும் அனுப்பியிருக்கிறேன். உடன்பிறந்தவருக்கு இருந்தால் நமக்கு ஆபத்து பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, அது ஏற்கெனவே தெரியும். அறிக்கை "சராசரியைவிடச் சற்று அதிகம்" என்றது. தம்பி இருக்கிறான் என்பது அதற்குத் தெரியாது, ஆகவே எனக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகவே அது சொன்னது. என் முடி நேராக இருக்கும் என்றும் எழுதியிருந்தது. எத்தனை சீப்பு உடைந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பல மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண் ஆராய்ச்சிக்கு உதவும். தனி ஆளுக்கு இப்போதைக்கு உதவாது. அதன் அடிப்படைத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது, மற்றவர்களுக்கு இன்னும் மங்கலாகும்.

பிப்ரவரி 23

அக்கா, அப்படியானால் மரபணுப் பரிசோதனையே வீணா என்று கேட்டவருக்கு. இல்லை, ஒரு இடத்தில் நிச்சயம் பயன். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்கள் சுமார் நாலாயிரத்தில் ஒருவர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வளர்ந்தபின் மனப்பிறழ்வு வருகிறது. மனப்பிறழ்வோடு பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு, ரத்தத்தில் கால்சியம் குறைவு, கற்றலில் சிரமம் இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையே மாறலாம், கால்சியத்தைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 26

தற்செயல் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பளிங்கு கிரேஃபிஷ் என்று ஒன்று உண்டு, சிங்க இறாலைப் போன்ற சிறிய நன்னீர் உயிரி. பெண் மட்டுமே, தன்னையே நகலெடுத்து முட்டையிடும். எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே மரபணு. ஒரே தொட்டியில், ஒரே உணவில் வளர்த்தாலும் அளவும் புள்ளிக்கோலமும் நடத்தையும் வேறு வேறு. மரபணுவும் இல்லை, சூழலும் இல்லை, வளர்ச்சியின் போதே ஏற்படும் சிறு சிறு ஏறுமாறுகள். இரட்டையரைப் பிரிக்கும் மீதியில் கணிசமான பங்கு இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம். யார் மேலும் பழி போட முடியாத பங்கு.

மார்ச் 1

கஞ்சா பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. சுருக்கமாக: ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்த ஆய்வு 1987இல் வந்தது. ஐம்பது முறைக்கு மேல் புகைத்தவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. மரபுச் சாய்வு உள்ளவர்கள் கஞ்சாவை நாடுவதும் கொஞ்சம் அதிகம், ஆகவே ஆறும் முழுக்க கஞ்சாவின் வேலை இல்லை. ஆனால் குடும்பத்தில் நோய் இருக்கிற பையன் "மருந்துச் செடிதானே" என்று வந்தால், தொடாதே என்றுதான் சொல்வேன்.

மார்ச் 5

"இத்தனை மரபணு கண்டுபிடித்து ஒரு மாத்திரையாவது வந்ததா?"

நேரடியாக இல்லை. 1952இல் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து வந்த மருந்துகள் ஏறத்தாழ எல்லாமே டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்கும் வாங்கியைத் தடுப்பவை. அந்த வாங்கியின் மரபணு 2014 பட்டியலில் வந்தபோது, தெரிந்ததையே உறுதி செய்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்து டோபமைன் வாங்கியைத் தொடுவதில்லை. அதில் முக்கியப் பங்கான சனோமெலின் 1990களில் அல்சைமர் நோய்க்காகச் செய்யப்பட்டது. அந்த முதியவர்களுக்கு இல்லாத குரல் கேட்பதும் சந்தேகமும் குறைவதைக் கவனித்தார்கள், ஆனால் வயிறு தாங்கவில்லை. மூளைக்குள் போகாத டிராஸ்பியம் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து வயிற்றைச் சமாளித்த பிறகுதான் மனச்சிதைவுக்கு ஆயிற்று.

தம்பியின் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். இப்போது கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது, மாற்ற வேண்டாம் என்றார். தம்பியும் அதையேதான் சொன்னான்.